சேகரித்தவர், இனங்கண்டவர், பெயர் சூட்டியவர்: ஒரு தாவர மாதிரியில் யாருடைய உழைப்பு எங்கே பதிவாகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தாவரம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போது, அதை விவரித்துக் கட்டுரை எழுதிய ஆய்வாளர்களின் பெயர்கள் அதில் இருக்கும். செடியைக் காட்டில் பறித்து, அழுத்திக் காயவைத்தவர் அவர்களாகவே இருக்கலாம்; முற்றிலும் வேறொருவராகவும் இருக்கலாம். பறித்த காலமும் அண்மையதாக இருக்க வேண்டியதில்லை. பூக்கும் தாவரங்களைப் பற்றி 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சேகரித்த ஐந்து ஆண்டுகளுக்குள் புதிய இனமாக விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடு மட்டுமே என்று காட்டியது. ஏறத்தாழ கால்பங்கு இனங்கள் 50 ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் கிடந்த மாதிரிகளிலிருந்து விவரிக்கப்பட்டவை. அவற்றைச் சேகரித்தவர்களில் பலர் அந்தச் செய்தியைக் கேட்கவே உயிரோடு இல்லை.

ஆகவே 'கண்டுபிடித்தது யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரைப் பதிலாகத் தர முடியாது. அந்தப் பெயர்கள் எங்கே எழுதப்படுகின்றன, எந்த இடத்தில் தொலைந்து போகின்றன, தொலைந்தால் அறிவியலுக்கு என்ன நட்டம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. சேகரித்தவரின் பெயரை எழுதுவது நன்றிக்கடன் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். அது தரவின் ஒரு பகுதி. பெயர் போனால் இடமும் தேதியும் அடையாளமும் சேர்ந்து நம்பகத்தன்மையை இழக்கின்றன.

ஒரு தாளில் எத்தனை பேர்?

உலர்தாவரத் தொகுப்பை ஹெர்பேரியம் என்கிறோம். உலகில் 3,500க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களும் அவற்றில் 40 கோடியை ஒட்டிய மாதிரிகளும் உள்ளன. நம் ஊர்களில் பயன்படும் தாள் ஏறத்தாழ 42 × 28 செ.மீ. அளவுள்ள தடித்த அட்டை. காய்ந்த செடி அதில் ஒட்டப்பட்டோ தைக்கப்பட்டோ இருக்கும். வலது கீழ் மூலையில் களத்தகவல் அடங்கிய லேபிள். அதற்கு மேலே, வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கையெழுத்தில் ஒட்டப்பட்ட சிறு சீட்டுகள். இப்போது ஒரு பார்கோடும் சேர்ந்திருக்கும். இந்த ஒரு தாளில் ஒருவரோடொருவர் குழப்பிக்கொள்ளக் கூடாத ஆட்கள் இருக்கிறார்கள்:

1. சேகரித்தவர். பழைய லேபிள்களில் 'லெக்.' அல்லது 'கால்.' என்ற சுருக்கத்துக்குப் பின்னால் வருபவர். எந்த இடம், எந்த உயரம், எந்த நாள், பூவின் நிறம் என்ன என்பதற்கு அவர்தான் சாட்சி.

2. உடன் சென்றவர்கள். லேபிளில் 'மற்றும் குழுவினர்' என்ற சொல்லுக்குள் பெரும்பாலும் மறைந்துபோகிறவர்கள்: மாணவர்கள், வனக் காவலர்கள், வழிகாட்டிகள்.

3. இனங்கண்டவர். 'டெட்.' என்ற சுருக்கத்துக்குப் பின்னால் வருபவர். இந்தச் செடி இன்ன இனம் என்று முடிவு சொன்னவர். முன்பே சொன்ன பெயர் சரி என்று உறுதிசெய்பவர் 'கான்ஃப்.' என்று எழுதிக் கையொப்பமிடுவார்.

4. இனத்துக்குப் பெயர் சூட்டியவர். அறிவியல் பெயரின் வால்பகுதியில் சுருக்கமாக வரும் பெயர் இவருடையது. இந்தத் தாளை இவர் பெரும்பாலும் பார்த்தே இருக்க மாட்டார். தரவு உள்ளீடு செய்பவர்கள் இந்தப் பெயரை இனங்கண்டவருக்கான கட்டத்தில் இட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

5. தொகுப்பின் உடைமையாளர். 'ஹெர்ப்.' என்ற சொல்லோடு வரும் பெயர், தாள் யாருடைய தொகுப்பில் இருந்தது என்று சொல்கிறது. யார் சேகரித்தார் என்று அது சொல்லவில்லை.

பூச்சி மாதிரிகளிலும் இதே அமைப்புதான். ஊசியில் மேலே இடமும் சேகரித்தவரும் எழுதிய சிறு சீட்டு. கீழே தனியாக இனங்கண்டவரின் சீட்டு. ஊசியிலிருந்து சீட்டைக் கழற்றி மாட்டும்போது அடுத்த மாதிரியின் சீட்டு மாறிப் போய்விட்டால் பிறகு அதைக் கண்டறிய வழியே இருக்காது.

இனங்காணல் ஏன் தனிப் பெயருக்கு உரியது?

சேகரிப்பது ஒருமுறை நடக்கும் நிகழ்வு. இனங்காணல் திரும்பத் திரும்ப நடப்பது. ஒரு பேரினத்தை முழுவதுமாக ஆராய்ந்த நிபுணர் ஒருவர் ஹெர்பேரியத்துக்கு வந்து நூறு தாள்களைப் புரட்டினால், அதில் பல தாள்களில் பெயர் மாறும். ஆப்பிரிக்க இஞ்சிக் குடும்பப் பேரினமான அஃப்ரமோமத்தின் மாதிரிகளைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், அந்தப் பேரினத்தின் முழுமையான வகைப்பாட்டு நூல் வரும்வரை குறைந்தது 58 விழுக்காடு மாதிரிகள் தவறான பெயரில் இருந்தன என்று தெரியவந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து எழுதிய சீட்டுகள்தான் அந்தப் பிழைகளைத் திருத்தின.

சீட்டில் நான்கு செய்திகள் வேண்டும்: முழு அறிவியல் பெயர், இனங்கண்டவரின் முழுப்பெயர், அவர் சார்ந்த நிறுவனம், தேதி. இதில் தேதியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆண்டு தெரிந்தால்தான் அந்த முடிவு புதிய வகைப்பாட்டு நூல் வெளிவருவதற்கு முன் எடுக்கப்பட்டதா, பின் எடுக்கப்பட்டதா என்று தெரியும். வெறும் முதலெழுத்துகளைக் கிறுக்கிவிட்டுப் போன சீட்டு, எழுதியவர் ஓய்வுபெற்ற பத்தாண்டில் யாருக்கும் பொருள் தராது.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அதன்மேல் அடித்தும் எழுதக் கூடாது. தவறான இனங்காணலும் ஒரு சான்று. அந்தத் தவறான பெயரில் அந்த மாதிரி ஏற்கெனவே ஏதேனும் ஒரு மாவட்டத் தாவரப் பட்டியலில் ஏறியிருக்கலாம். சீட்டு இருந்தால் பட்டியலில் உள்ள பிழையின் வேரைப் பிடிக்கலாம்.

சேகரிப்பு எண்ணும் அதைப் போலத் தோன்றும் எண்களும்

தாவரவியலில் ஒரு மாதிரியின் உண்மையான அடையாளம், சேகரித்தவரின் பெயரும் அவர் இட்ட எண்ணும் சேர்ந்த இணை. பார்கோடு தாளுக்கு உரியது; இந்த இணைதான் சேகரிப்புக்கு உரியது. ஒரே இடத்தில் ஒரே வேளையில் ஒரே இனத்திலிருந்து எடுத்த மூன்று நான்கு கிளைகளுக்கு ஒரே எண் இட்டு, ஒன்றை உள்ளூர்க் கல்லூரியிலும், ஒன்றைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹெர்பேரியத்திலும், ஒன்றை ஹவுராவில் உள்ள மத்திய தேசிய ஹெர்பேரியத்திலும் வைப்பது வழக்கம். ஒவ்வொரு தாளுக்கும் பார்கோடு வேறு. இவை எல்லாம் ஒரே சேகரிப்பு என்பதை இணைக்கும் ஒரே கயிறு பெயரும் எண்ணும்தான். ஹவுராவில் ஒரு நிபுணர் பெயரைத் திருத்தினால், மற்ற தாள்கள் தாமாகத் திருந்தாது. பெயரையும் எண்ணையும் ஒழுங்காக உள்ளிட்டிருந்தால் தேடிப்பிடித்துத் திருத்தலாம்.

அதனால்தான் சேகரிப்பாளர் தம் வாழ்நாள் முழுவதும் ஒரே தொடர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் 1இலிருந்து தொடங்கினால், ஒரே ஆளின் பெயரில் '25' என்ற எண்ணுக்குப் பத்துச் செடிகள் சேர்ந்துவிடும்.

பழைய தொகுப்புகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. தென்னிந்தியத் தாவரங்களை ஆராயும் எவரும் ராபர்ட் வைட்டின் மாதிரிகளை எதிர்கொண்டே ஆக வேண்டும். 1796இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் அவர். பிரிட்டனுக்குத் திரும்பிய பிறகு, 1860களில் அவரது தொகுப்பின் படிகள் (கூடுதல் தாள்கள்) லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து பல நாடுகளின் ஹெர்பேரியங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்த லேபிளில் மூன்று செய்திகள் தென்படும்: வைட்டின் ஹெர்பேரியம் என்ற அச்சிட்ட தலைப்பு, இந்தியத் தீபகற்பம் என்ற பொருளில் ஓர் இலத்தீன் தொடர், கையால் எழுதிய ஓர் எண். புதிதாக வருபவர் இதைப் பார்த்ததும், 'சேகரித்தவர்: வைட், சேகரிப்பு எண்: இது, இடம்: இந்தியா' என்று உள்ளிட்டுவிடுவார். மூன்றிலும் கோளாறு உண்டு.

அந்த எண் விநியோகத்துக்காகக் கியூவில் இனவாரியாக இடப்பட்டது. திருநெல்வேலிச் சீமையில் ஓர் ஆண்டு எடுத்த கிளையும், நீலகிரியில் வேறோர் ஆண்டு எடுத்த கிளையும் ஒரே இனமென்று கருதப்பட்டதால் ஒரே எண்ணில் போயிருக்கலாம். வைட் தாமே பறித்தவையும், அவர் சம்பளம் கொடுத்து அனுப்பிய இந்தியச் சேகரிப்பாளர்கள் பறித்தவையும், நண்பர்கள் அனுப்பியவையும் அதே தலைப்பின் கீழ் கலந்திருக்கின்றன. எனவே ஒரே எண் கொண்ட இரண்டு தாள்களை ஒரே சேகரிப்பின் படிகள் என்று கொண்டு, ஒன்றை வகைமாதிரியாகவும் (இனத்தின் பெயருக்கு ஆதாரமான மாதிரி) மற்றதை அதன் படியாகவும் அறிவித்தால் பின்னால் பெயரியல் தகராறு வரும்.

இலங்கையில் இதே நிலை. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1849 முதல் பொறுப்பு வகித்த த்வைட்ஸ், இலங்கைத் தாவரங்களுக்கு 'சி.பி.' (சிலோன் பிளாண்ட்ஸ்) எண்களை இட்டார். அவையும் இனத்துக்கான எண்களே. பேராதனையில் உள்ள ஒரு சி.பி. தாளில் இரண்டு மூன்று ஊர்களின் பெயர்களும் வெவ்வேறு ஆண்டுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அவருக்கு முன் அங்கே பணியாற்றி 1849இல் இறந்த கார்ட்னர் எடுத்த கிளைகள் கூட அந்த எண்களுக்குள் அடங்கியுள்ளன. இத்தகைய தாளில் த்வைட்ஸைச் சேகரிப்பாளர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது, கார்ட்னருக்கும் பெயர் தெரியாத உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் இழைக்கும் அநீதி. அதோடு, ஒரு செடி 1840களில் எந்த மலையில் இருந்தது என்ற செய்தியையும் அது கெடுக்கிறது.

இவற்றுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: எண்ணை விநியோக எண் என்று குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள், சேகரிப்பு எண்ணுக்கான கட்டத்தை வெறுமையாக விடுங்கள், தாளில் சேகரித்தவர் பெயர் தெளிவாக இல்லாவிட்டால் 'வைட்டின் தொகுப்பு, சேகரித்தவர் பெயர் எழுதப்படவில்லை' என்று பதியுங்கள். வெறுமையான கட்டத்தைப் பின்னால் வருபவர் நிரப்பலாம். தவறாக நிரப்பிய கட்டத்தை யாரும் சந்தேகிக்கக்கூட மாட்டார்கள்.

தாளிலிருந்து கணினிக்கு

மாதிரிகளின் தரவை உலகெங்கும் பகிர்ந்துகொள்ளப் பயன்படும் பொது வடிவம் 'டார்வின் கோர்'. 2009இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு செய்திக்கும் அதில் பெயரிட்ட கட்டம் உண்டு. சேகரித்தவருக்கு 'ரெக்கார்டட்பை', இனங்கண்டவருக்கு 'ஐடென்டிஃபைட்பை', இனங்கண்ட தேதிக்கு 'டேட்ஐடென்டிஃபைட்', சேகரிப்பு எண்ணுக்கு 'ரெக்கார்ட்நம்பர்', இட ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) கணித்தவருக்கு 'ஜியோரெஃபரன்ஸ்ட்பை'. இப்படி நிரப்பிய தரவு, 2001இல் தொடங்கிக் கோபன்ஹேகனில் செயலகம் வைத்திருக்கும் ஜிபிஐஎஃப் என்ற உலக உயிர்ப்பன்மைத் தரவுத்தளத்துக்குப் போகிறது.

கட்டங்கள் இருந்தும் பெயர்கள் ஏன் தொலைகின்றன? கட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால்தான். ஒரே மனிதர் ஐந்து விதமாக எழுதப்பட்டால் கணினிக்கு அவர் ஐந்து பேர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்த எம். ஓ. பி. ஐயங்காரை எடுத்துக்கொள்வோம். 'எம்.ஓ.பி. ஐயங்கார்', 'ஐயங்கார், எம்.ஓ.பி.', 'பார்த்தசாரதி ஐயங்கார்', வெறும் 'ஐயங்கார்' என்று நான்கு விதமாக எழுத இடமுண்டு. கடைசி வடிவம் வேறு எத்தனையோ பேருக்கும் பொருந்தும். தாவரவியலாளர் கே. ரங்காச்சாரியின் நிலை இன்னும் சிக்கல். 1909இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் 'கே. ரங்காச்சாரி'யாகவும், 1921இல் தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேட்டில் 'கே. ரங்க ஆச்சாரியார்' ஆகவும் அச்சில் இருப்பவர் ஒருவரே. எழுத்தை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் இவர்களை ஒன்று சேர்க்காது.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிச் சங்கடம் இருக்கிறது. முதலெழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கிறது. பின்னால் வருவது இட்ட பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஐரோப்பிய முறையில் எழுதப்பட்ட நிரல், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். முதலெழுத்தைப் பின்னால் வைத்து எழுதினால் அந்த ஒற்றை எழுத்தே குடும்பப் பெயராகிவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறும் பெண் ஆய்வாளர்களுக்கு வாழ்நாள் உழைப்பு இரண்டாகப் பிளக்கிறது. ஒரே எழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இரண்டு பேர் ஒரே துறையில் படித்திருப்பதும் நம் கல்லூரிகளில் சாதாரணம்.

இன்னும் ஒரு பொறி. இனங்காணல் மாறும்போது பெரும்பாலான சிறு தரவுத்தளங்களில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதிவிடுவார்கள். தாளில் ஐந்து சீட்டுகள் இருக்க, கணினியில் கடைசிச் சீட்டுக்காரர் மட்டும் மிஞ்சுவார். முந்தைய இனங்காணல்களையும் வரிசையாக அனுப்ப டார்வின் கோரில் ஒரு கூடுதல் அட்டவணை இருக்கிறது. அதை நிரப்புவது கூடுதல் வேலைதான். ஆனால் நிரப்பாவிட்டால் முதல் நான்கு பேரின் உழைப்புக்கு உலகத் தரவில் தடயமே இருக்காது.

ஆளுக்கு ஓர் எண்

பெயர் மாறலாம், எழுத்துக்கூட்டல் மாறலாம். ஆகவே ஆளையே ஓர் எண்ணால் குறிப்பதுதான் தீர்வு. உயிரோடிருப்பவர்களுக்கு, ஆய்வாளர்களை அடையாளப்படுத்தும் ஆர்கிட் எண். 2012 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை. 16 இலக்கம் கொண்டது; கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அது 'எக்ஸ்' என்ற எழுத்தாகவும் வரும். மறைந்தவர்கள் தாமாகப் பதிவு செய்ய முடியாது என்பதால், அவர்களுக்கு, விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் உள்ள 'க்யூ' எண் பயன்படுகிறது. இந்த எண்களை இடுவதற்கென்றே 2020இல் டார்வின் கோரில் 'ரெக்கார்டட்பைஐடி', 'ஐடென்டிஃபைட்பைஐடி' என்ற இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட்டன.

ஏற்கெனவே எண் இல்லாமல் வெளியான கோடிக்கணக்கான பதிவுகளை என்ன செய்வது? அதற்காக உருவானதுதான் பயோனோமியா என்ற தளம். அது ஜிபிஐஎஃப் தரவிலிருந்து சேகரித்தவர், இனங்கண்டவர் பெயர்களை எடுத்து, ஆட்களோடு இணைக்க வழி செய்கிறது. பயன்படுத்தும் முறை:

1. முதலில் ஆர்கிட் எண் பெறுங்கள். குடும்பப் பெயர் அங்கே கட்டாயமில்லை. உங்கள் பெயரை மட்டும் கொடுத்தால் போதும்.

2. 'வேறு பெயர்கள்' பகுதியில் நீங்கள் லேபிளில் எழுதிய எல்லா வடிவங்களையும் சேருங்கள்: முதலெழுத்து முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியின்றி, திருமணத்துக்கு முன், பின். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு 'என் மாதிரிகள் வரவே இல்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு.

3. அந்த எண்ணைக் கொண்டு பயோனோமியாவில் நுழையுங்கள். உங்கள் பெயரை ஒத்த பதிவுகள் பட்டியலாக வரும். ஒவ்வொன்றுக்கும் சேகரித்தேன், இனங்கண்டேன், இரண்டும் செய்தேன், நான் இல்லை என்ற நான்கில் ஒன்றைச் சொல்லலாம். நான்காவதையும் தவறாமல் பயன்படுத்துங்கள். அது உங்கள் பெயர் கொண்ட இன்னொருவருக்கு அவருடைய மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்கிறது.

4. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்கும் முன் ஆண்டையும் இடத்தையும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் பிறக்கும் முன் எடுத்த மாதிரி பட்டியலில் இருந்தால் அங்கே வேறொருவர் இருக்கிறார்.

5. மறைந்த ஆசிரியருக்காக இதைச் செய்ய விரும்பினால், விக்கித்தரவில் அவருக்குப் பக்கம் இருக்க வேண்டும். பிறந்த, இறந்த தேதிகள் அதில் பதிவாகியிருக்க வேண்டும். இரங்கல் குறிப்பு, கல்லூரி மலர், வெளியான கட்டுரை போன்ற சான்றுகளோடு பக்கத்தை உருவாக்குங்கள்.

ஒருவர் இறந்த பிறகும் சேகரித்ததாக வரும் பதிவுகள், பிழையைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. அங்கே மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ஆள் வேறு, நூற்றாண்டைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அல்லது இனங்கண்ட தேதி சேகரித்த தேதியின் கட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆளை அடையாளம் கண்டதாலேயே தரவு திருந்துவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பயோனோமியாவில் இணைத்தவற்றை ஹெர்பேரியம் கோப்பாக இறக்கி, தன் சொந்தத் தரவுத்தளத்திலும் ஏற்றிக்கொள்ளலாம். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். அப்போது திருத்தம் மூலத்துக்குப் போய்ச் சேராது.

ஆய்வில் பயன்படும்போது சங்கிலி எங்கே அறுகிறது?

ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து தரவை இறக்கும்போது ஒவ்வோர் இறக்கத்துக்கும் டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண் ஒன்று கிடைக்கும். ஆய்வுக் கட்டுரையில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால், எந்த நிறுவனத்தின் எந்த மாதிரிகள் பயன்பட்டன என்று பின்தொடர முடியும். அங்கிருந்து சேகரித்தவர் வரைக்கும் வர முடியும். 'தரவு ஜிபிஐஎஃபிலிருந்து பெறப்பட்டது' என்று வெறுமனே எழுதினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். நண்பர் அனுப்பிய எக்செல் கோப்பைப் பயன்படுத்துவதும் இதையேதான் செய்கிறது. இறக்கிய தரவில் பாதியை வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தியிருந்தால், மிஞ்சிய பகுதிக்குத் தனி டிஓஐ பெற அந்தத் தளத்திலேயே ஏற்பாடு இருக்கிறது.

மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் வரிசையைச் சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். சான்று மாதிரியை (ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் மாதிரி) குறிக்கும் கட்டத்தோடு, சேகரித்தவர், இனங்கண்டவர் என்ற இரண்டு கட்டங்கள் அங்கே தனியாக உண்டு. அவற்றை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. இனங்காணல் தவறிய மாதிரியிலிருந்து எடுத்த வரிசை தவறான பெயரில் பல ஆய்வுகளில் பயன்பட்டுக்கொண்டே இருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரிந்தால் ஒரு கடிதத்தில் தீரும்.

ஆசிரியர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பது அடிக்கடி மனக்கசப்பில் முடியும் விஷயம். கட்டுரையின் முடிவு ஒருவருடைய இனங்காணலின் மேல் நிற்குமானால், அவர் ஆசிரியராக இருக்க வேண்டும். ஒரு காட்டில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்று எண்ணும் ஆய்வில் இருநூறு மாதிரிகளுக்குப் பெயர் சொன்ன நிபுணரை நன்றியுரையில் ஒரு வரியில் முடிப்பது நியாயமில்லை. அதே சமயம், நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு தாளைப் பயன்படுத்தியதற்காகச் சேகரித்தவரை ஆசிரியராக்க வேண்டியதில்லை. பெயரும் எண்ணும் ஹெர்பேரியக் குறியீடும் மாதிரிப் பட்டியலில் சரியாக இருந்தால் போதும். ஆய்வுப் பங்களிப்பை 14 வகையாகப் பிரிக்கும் 'கிரெடிட்' முறையைப் பல இதழ்கள் இப்போது கேட்கின்றன. இனங்காணலுக்கென்று அதில் தனி வகை இல்லை. ஆய்வு நடத்துதல் அல்லது தரவுப் பராமரிப்பு என்ற வகையில் சேர்த்து, பக்கத்தில் 'மாதிரிகளை இனங்கண்டார்' என்று எழுதிவிடலாம்.

லேபிளில் பெயரே இல்லாதவர்கள்

மலாய்த் தீவுக்கூட்டத்தில் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் வாலஸ் சேகரித்த பறவைகளில் பெரும்பகுதியைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தியவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர். வாலஸின் பெயர் தாங்கிய சொர்க்கப் பறவையை 1858இல் பச்சான் தீவில் முதலில் கொண்டுவந்து காட்டியவரும் அவரே. வாலஸ் தம் எழுத்தில் அதைச் சொல்லியிருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. மாதிரிகளின் லேபிள்கள் வாலஸின் பெயரில் இருக்கின்றன.

வைட்டிடமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். அவருக்குச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகிய ஓவியர்களின் பெயர்கள் படங்களின் கீழே அச்சாகியிருக்கின்றன. ஒரு தாவரப் பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்றே வைட் பெயர் சூட்டினார். மலையேறிச் செடி பறித்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஓவியத்தில் பெயர் எழுதும் வழக்கம் இருந்தது, லேபிளில் பணியாளர் பெயரை எழுதும் வழக்கம் இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். வழக்கத்தை மாற்ற நமக்கு எந்தத் தடையும் இல்லை.

இன்று களத்துக்குப் போகிறவர் செடி இருக்கும் இடத்தைக் காட்டிய பழங்குடி வழிகாட்டியிடம், பெயர் போடலாமா என்று கேட்க வேண்டும். சம்மதித்தால் உடன் சேகரித்தவர் வரிசையில், அவர் தம் பெயரைச் சொல்லும் வடிவத்திலேயே எழுத வேண்டும். டார்வின் கோரில் பல பெயர்களை ஒரே கட்டத்தில் செங்குத்துக் கோட்டுக் குறியால் ( | ) பிரித்து எழுதலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை. சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது. செடியின் பயன்பாட்டைப் பற்றிய தகவலை அவர் தந்திருந்தால் அது தனிச் சம்மதம் வேண்டிய செய்தி. லேபிளில் பொதுவெளிக்குப் போகும்படி எழுதிவிட்டுப் பிறகு திரும்பப் பெற முடியாது. 2002ஆம் ஆண்டின் உயிரிப் பன்மைச் சட்டம், புதிய இனத்தின் சான்று மாதிரிகளை அறிவிக்கப்பட்ட களஞ்சியங்களில் ஒப்படைக்கச் சொல்கிறது. அப்படி ஒப்படைக்கும் தாளில் இருக்கும் லேபிள்தான் நிலையான ஆவணம். பெயரைச் சேர்க்க வேண்டிய வேளை, லேபிளை அச்சிடும் முன்புதான்.

கல்லூரி ஹெர்பேரியம் எங்கிருந்து தொடங்கலாம்?

ஐந்தாயிரம், பத்தாயிரம் தாள்கள் உள்ள கல்லூரித் தொகுப்புகளுக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. மாதிரிகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன், ஆட்களுக்கென்று தனி விரிதாள் ஒன்றை உருவாக்குங்கள். ஒரு வரிக்கு ஓர் ஆள். பத்திகள்: நிலையான பெயர் வடிவம், லேபிள்களில் காணப்படும் மற்ற வடிவங்கள், கல்லூரியில் இருந்த ஆண்டுகள், எண் வரிசையின் தொடக்கமும் முடிவும், கையெழுத்து மாதிரியின் ஒளிப்படம், ஆர்கிட் அல்லது விக்கித்தரவு எண். மாதிரிகளின் விரிதாளில் பெயரைத் தட்டச்சு செய்யாமல் இந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்தால், எழுத்துப்பிழையால் பிறக்கும் புதிய ஆட்கள் நின்றுவிடுவார்கள். லேபிளில் உள்ளபடியே எழுதிய பெயரையும் பக்கத்துப் பத்தியில் மாற்றாமல் வைத்திருங்கள். நீங்கள் இணைத்தது தவறென்று நாளை தெரிந்தால் திரும்பிப் போக அது ஒன்றே வழி.

பட்டியலை நிரப்ப ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் பழைய மாணவர்களையும் இப்போதே கேளுங்கள். எந்தக் கையெழுத்து யாருடையது, 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் அந்த ஆண்டு யார் யார் இருந்தார்கள், எந்தக் களக் குறிப்பேடு யார் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. குறிப்பேடு கிடைத்தால் முதல் வேலையாக எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்துவிடுங்கள். சேகரிப்பு எண்ணும் தேதியும் உள்ள பக்கங்களை மட்டும் எடுத்தால், கூட வந்தவர்களின் பெயர்கள் எழுதியிருக்கும் முன்பக்க அட்டையும் கடைசிப் பக்கச் செலவுக் கணக்கும் விட்டுப்போகும்.